பிரமிட் ஏரிக் கரையில் இரண்டு இரவுகள்

போன ஏப்ரலில் நானும் தம்பியும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள பிரமிட் ஏரியில் கூடாரம் போட்டுத் தங்கினோம். ரீனோ நகரிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம். கடைசி மேடு ஏறும்வரை புதரும் புழுதியும்தான், ஏறினதும் கீழே அவ்வளவு நீலம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பையூட் பழங்குடி மக்களின் நிலம் அது, அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் தங்க வேண்டும். குடிதண்ணீர் நிறையக் கொண்டு போங்கள், ஏரி நீர் உப்புக் கரிக்கும்.

முதல் நாளே வண்டி மணலில் புதைந்துவிட்டது. மேலே பார்க்கக் காய்ந்த தரை, அடியில் சொதசொதவென்று ஈரம். டயரில் காற்றை இறக்கி, கையால் தோண்டி வெளியே எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. அப்புறம் காற்றும் நின்றது. தம்பி தள்ளி உட்கார்ந்து பிளாஸ்க் மூடியைத் திருகுவது கூடாரத்துக்குள் இருந்த எனக்குக் கேட்டது, அவ்வளவு அமைதி.

விடியற்காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீருக்குள் வரிசையாக ஏணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆள்! வீட்டில் ஒட்டடை அடிக்க வைத்திருப்போமே, அதே மடக்கு ஏணி. அதன் மேல் நின்று தூண்டில் வீசுகிறார்கள். ஒரு பெரியவர் விரல் மரத்துப்போய்க் கரையேறினார், டீ கொடுத்தோம். அவர் சொன்ன கதைதான் இன்னும் மனதில் நிற்கிறது. லஹொண்டான் ட்ரவுட் என்று இந்த வட்டாரத்துக்கே உரிய மீன், 1925இல் இந்த ஏரியில் 41 பவுண்டு எடையில் ஒன்று பிடித்திருக்கிறார்கள். ஆனால் டாஹோ ஏரியிலிருந்து இறங்கி இந்த ஏரியில் முடிகிற டிரக்கி ஆற்றில் 1905இல் டெர்பி அணையைக் கட்டி, தண்ணீரை விவசாயத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி இறங்க இறங்க மீனால் முட்டையிட ஆற்றில் ஏற முடியவில்லை, 1940களுக்குள் அந்த இனமே இங்கே இல்லாமல் போனது. பக்கத்திலிருந்த வின்னமக்கா ஏரி சுத்தமாக வற்றிவிட்டது. நான் காவிரிக் கடைமடைக்காரன், மேலே திருப்பினால் கீழே என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, கேட்கக் கேட்க வயிறு கலங்கியது.

நல்லவேளை, யூட்டா எல்லையில் ஒரு மலை ஓடையில் அதே மீன் கொஞ்சம் பிழைத்துக் கிடந்ததை 1970களில் கண்டுபிடித்து, பெருக்கி, மறுபடி ஏரியில் விட்டிருக்கிறார்கள். மத்தியானம் பெரியவர் ஒன்றைப் பிடித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார், பக்கவாட்டில் செம்பு நிறம், உடம்பெல்லாம் கரும்புள்ளி. தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருந்து மெதுவாகக் கையை விரித்தார், போய்விட்டது.

அன்று சாயங்காலம் வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஏரிக்குள் இருக்கும் அனாஹோ தீவுக்குத் திரும்பின. எங்கள் தலைக்கு மேலேயே போனதால் இறக்கைச் சத்தம்கூடக் கேட்டது. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.