கடன் வாங்க நாம் டெல்லியிடம் கேட்கிறோம், டெல்லி யாரிடம் கேட்கிறது?

செக்காலை வாசி:
2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டின் கடன் சுமார் 9.3 லட்சம் கோடியாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டில் போட்டதிலிருந்து நம் காரைக்குடிக் குழுவில் ஆளாளுக்கு "ஊரையே அடகு வைத்துவிட்டார்கள்" என்று எழுதுகிறீர்கள். சரி, கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மாநிலம் தன் இஷ்டத்துக்குக் கடன் வாங்கிவிட முடியாது. அரசியலமைப்பின் 293(3) பிரிவுப்படி, மத்திய அரசு கொடுத்த கடனில் கொஞ்சம் பாக்கி இருந்தாலும் புதுக் கடனுக்கு அவர்கள் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதத்துக்கு அவர்கள் நிபந்தனையும் போடலாம். மத்திய அரசுக்கு என்ன கட்டுப்பாடு என்று பார்த்தால் 292 இருக்கிறது: நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரம்பு வைத்தால் அதற்குள் வாங்க வேண்டும், வைக்காவிட்டால் கேட்பார் இல்லை. 1950இலிருந்து 2003 வரை அப்படி ஒரு சட்டமே வரவில்லை. 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது, அதற்கு 2018இல் செய்த திருத்தம் 2024-25 முடிவுக்குள் மத்திய அரசின் கடன் ஜிடிபியில் 40 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்றது. 2025-26 பட்ஜெட்டில் அவர்களே போட்ட மதிப்பீடு 56 சதவீதம். இதற்காக யாராவது எங்காவது பதில் சொன்னார்களா?

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணே, நடுவில் ஒரு கொரோனா வந்துபோனதை வசதியாக விட்டுவிட்டீர்கள். 2020-21இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை ஜிடிபியில் 9.2 சதவீதம் வரை போனது. அந்த வருடம் நிதிப் பொறுப்புச் சட்டத்தில் பற்றாக்குறைக்கு 3 சதவீதம்தான் இலக்கு இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ரேஷன் அரிசியும் தடுப்பூசியும் எங்கிருந்து வந்திருக்கும்? வரம்பை அரசியலமைப்பிலேயே எண் போட்டு எழுதிய ஜெர்மனி கதையைப் பாருங்கள். கொரோனாவுக்கென்று ஒதுக்கி, செலவாகாமல் கிடந்த 60 பில்லியன் யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு மாற்றினார்கள், 2023 நவம்பரில் அவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அடுத்த வருடம் கூட்டணியே உடைந்தது, 2025 மார்ச்சில் பாதுகாப்புச் செலவுக்காக அரசியலமைப்பையே திருத்தினார்கள். அவ்வளவு கெட்டியான பூட்டுக்கே அந்தக் கதி. 292இல் எண் எழுதாமல் விட்டது புத்திசாலித்தனம் என்பேன். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் இதே கேள்வி வந்தபோது அம்பேத்கர் சொன்ன பதிலின் சாரம், நாடாளுமன்றம் சட்டம் போடாவிட்டால் அது நாடாளுமன்றத்தின் குற்றம் என்பதுதான்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி ரஸ்தா, அம்பேத்கர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் அப்பச்சி காலத்தில் ரங்கூனில் இருந்த வட்டிக்கடைக்கு மேலாளை, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்துகிறவரை, அனுப்பினால் மூன்று வருடக் கணக்கு. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம், கடன் கொடுப்பார், வெளியே பணம் வாங்குவார், நிலம் கூட எழுதி வாங்குவார். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்ததும் ஐந்தொகையை, அதாவது வரவு, செலவு, பாக்கி எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கை, முன்னால் வைத்துக்கொண்டு முதலாளி வரி வரியாகக் கேட்பார், அது முடியாமல் மேலாள் கணக்கு முடியாது. இங்கே அரசாங்கம் மேலாள் என்றால் நாடாளுமன்றம் முதலாளி. முதலாளி பேரேட்டையே புரட்டுவதில்லையே! 2018 மார்ச்சிலும் சரி, 2023 மார்ச்சிலும் சரி, எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்குச் சபையிடம் கேட்கும் அனுமதிகளை, மக்களவையில் விவாதமே இல்லாமல் கில்லட்டின் போட்டு, பேச்சை வெட்டி ஒரே ஓட்டெடுப்பில் மொத்தமாக நிறைவேற்றினார்கள். 2023இல் அப்படிப் போன செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். வீட்டில் ஒரு கிரைண்டர் வாங்க இதைவிட அதிக நேரம் பேசுவோம்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, 2023இல் அன்றைக்குச் சபையில் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார்கள். விவாதம் வேண்டாம் என்று அரசாங்கம் மட்டும் முடிவு செய்யவில்லை. அப்புறம், உங்கள் மேலாள் கணக்கு இங்கே பொருந்தாது. மேலாளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கிடையாது.

இன்னொன்று, உண்மையிலேயே வேலை செய்த கட்டுப்பாடு கோர்ட்டிலிருந்தோ அரசியலமைப்பிலிருந்தோ வரவில்லை. முன்பெல்லாம் மத்திய அரசின் கையிருப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கி தற்காலிகக் கருவூலப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு தானாகவே நிரப்பிவிடும், நோட்டு அச்சடிப்பது மாதிரிதான். அது 1997 ஏப்ரல் 1 முதல் நின்றது. அப்போது நிதியமைச்சர் நம் கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம், ரிசர்வ் வங்கி கவர்னர் சி. ரங்கராஜன். இரண்டு தரப்பும் பேசி ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள். பொறுப்புள்ள அரசாங்கம் தானே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செக்காலை வாசி:
தானே கட்டியதைத் தானே அவிழ்க்கவும் முடியும் தம்பி, நிதிப் பொறுப்புச் சட்டத்துக்கு நடந்தது அதுதான். 3 சதவீதம் என்ற இலக்கின் கெடு முதலில் 2008, அப்புறம் தள்ளித் தள்ளி 2021 மார்ச் வரை போனது. மத்திய அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று சிவில் கோர்ட்டில் கேட்க முடியாதபடி அந்தச் சட்டத்திலேயே தடை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திய உணவுக் கழகம் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உணவு மானியத்துக்கு பட்ஜெட்டில் பணம் கொடுக்காமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து உணவுக் கழகத்தையே கடன் வாங்க வைத்தார்கள். கடன் உணவுக் கழகத்தின் பெயரில், அதனால் அரசின் பற்றாக்குறையில் தெரியாது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அந்தப் பழக்கத்தை விட்டுக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் கேரளா இதே மாதிரி கிஃப்பி என்ற தன் உள்கட்டமைப்பு நிதி அமைப்பின் பெயரில் வாங்கியபோது, அதை மாநிலத்தின் கடனாகவே எடுத்துக்கொண்டு, மாநிலம் வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பில் மத்திய அரசு கழித்துவிட்டது. கேரளா 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஏப்ரல் 1 அன்று இடைக்கால நிவாரணம் தர மறுத்த நீதிமன்றம், 293 பற்றிய கேள்விகளை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. எனக்கு கிஃப்பியும் பிடிக்காது. ஆனால் ஒரே தவறுக்கு ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவர் தானாகத் திருந்தும் வரை காத்திருப்பதா?

பள்ளத்தூர் கான்ட்ராக்டர்:
நீங்கள் எல்லாம் கூடுதலாகச் செலவு செய்வதையே பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை செலவு செய்யாததில். சட்டசபையில் மானியக் கோரிக்கை பாஸாகி, நிதி ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்திருக்கும். வேலையை முடித்து எம்-புக் (வேலையின் அளவுப் பதிவேடு) எழுதி பில் போட்டு அனுப்பினால் "ஃபண்ட் வரலை" என்ற ஒற்றை வார்த்தை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அடுத்த டெண்டர் வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்துக்கு பில் போய்ச் சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் ஒதுக்கியது காலாவதி, ஏப்ரலில் முதலிலிருந்து நடை. ஜல்லி லாரிக்காரர் வாசலில் நிற்பார், சிமெண்ட் கடையில் போனை எடுக்க மாட்டார்கள், இன்வாய்ஸ் போட்டுவிட்டால் பணம் வராமலே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் பாஸ் செய்த பணத்தை வெளியே விடாமல் வைத்திருக்க அதிகாரிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 293, 292 என்று பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பிரிவு சொல்லுங்கள்.

செக்காலை வாசி:
பிரிவு இல்லை அண்ணே, அதுதான் சிக்கல். அரசியலமைப்பின் 114, மாநிலத்துக்கு 204, இவை சட்டம் அனுமதித்ததற்கு மேல் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது பொதுக் கஜானாவிலிருந்து, ஒரு காசு எடுக்கக் கூடாது என்கின்றன. அது மேல்வரம்பு. அனுமதித்ததைக் கட்டாயம் செலவழிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கூடுதலாகச் செலவழித்தால் சிஏஜி, அதாவது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், எழுதுவார், பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும், சபை முறைப்படுத்த வேண்டும். நிறுத்தி வைத்தால் "சரண் செய்த தொகை" (செலவழிக்காமல் திருப்பி ஒப்படைத்தது) என்று கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். அமெரிக்காவில் அதிபர் நிக்சன் இப்படிப் பணத்தை முடக்கியதால்தான் 1974இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
அந்தச் சட்டம் இருந்தும் 2025 ஆகஸ்டில் ட்ரம்ப், நிதியாண்டு முடியப் போகிற நேரம் பார்த்து 4.9 பில்லியன் டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யச் சொல்லி அவர்கள் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் கொடுத்தார், செப்டம்பரில் அவர்கள் உச்ச நீதிமன்றமும் சுமார் 4 பில்லியனை இப்போதைக்கு நிறுத்தி வைக்க அனுமதித்தது. கான்ட்ராக்டர் அண்ணன் படும் பாடு நியாயமானது, ஆனால் வருவாய் குறைந்த மாதத்தில் எந்த பில்லை முதலில் கொடுப்பது என்று நிதித்துறை முடிவு செய்யக் கூடாது என்றால் சம்பளமும் பென்ஷனும்தான் தடுமாறும்.

அப்புறம் டெல்லியையே எத்தனை நாள் திட்டுவது? 293(1) மாநிலச் சட்டசபைக்கும் கடனுக்கு வரம்பு வைக்கும் அதே அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டோம், அதன் இலக்குகளையும் திருத்தித் திருத்தித்தான் வைத்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் பி.டி.ஆர். வெள்ளை அறிக்கை வெளியிட்டு, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றபோது ஒரு வாரம் டிவியில் ஓடியது. அதற்குப் பிறகு நம் எம்எல்ஏவிடம் ஒரு துணை மானியக் கோரிக்கை (பட்ஜெட்டுக்கு மேல் நடுவில் கேட்கும் செலவு அனுமதி) பற்றி யாராவது கேட்டோமா?

கோட்டையூர் ஆச்சி:
கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு.

ஆனால் தம்பி, ஒன்றுக்குப் பதில் சொல். 2005 வாக்கில், மத்திய, மாநில நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 12ஆவது நிதிக்குழு, மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடன் கொடுப்பதை விட்டுவிட்டு அவர்களைச் சந்தைக்குப் போகச் சொன்னது. அப்படியே போயிருந்தால் பழைய பாக்கி தீரத் தீர 293(3)க்கு வேலையே இருந்திருக்காது. இப்போது மூலதனச் செலவுக்கு என்று 50 வருட வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள், 2020-21இல் 12,000 கோடியில் ஆரம்பித்து 2024-25 பட்ஜெட்டில் 1.5 லட்சம் கோடி வரை ஒதுக்கினார்கள். வட்டியில்லை என்று எல்லா மாநிலமும் வாங்குகிறது. அந்தப் பாக்கி இருக்கும் வரை, அதாவது 2070 தாண்டியும், சம்மதம் கேட்டு நிற்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:
வேண்டாம் என்று சொல்லலாமே ஆச்சி, யாரும் கையைப் பிடித்துத் திணிக்கவில்லை. இலவசப் பணம் என்றால் எந்த முதல்வர் விடுவார்?

செக்காலை வாசி:
விட மாட்டார், விட்டால் பக்கத்து மாநிலம் அதில் ரோடு போட்டுக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், நூறு ரூபாய் பாக்கிக்கும் ஒரு லட்சம் கோடி பாக்கிக்கும் ஒரே சம்மதமா, மாநிலத்தின் மொத்தக் கடனுக்கும் நிபந்தனை போடலாமா என்பதை அந்த ஐந்து நீதிபதிகள் அமர்வுதான் தெளிவாக்க வேண்டும். மத்திய அரசு பக்கம் 292க்கு நான் எண் கேட்கவில்லை. இலக்கைத் தாண்டினால் நிதியமைச்சர் அதற்கென்று ஒரு நாள் மக்களவையில் நின்று காரணம் சொல்லி, தனியாக ஓட்டெடுப்பு நடக்கட்டும், கில்லட்டினில் சேர்க்கக் கூடாது. இதில் உனக்கு என்ன ஆட்சேபம்?

தேவகோட்டை ரஸ்தா:
ஓட்டெடுப்பில் ஆட்சேபமில்லை. பெரும்பான்மை இருக்கிற அரசாங்கம் அதையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் என்பதுதான் என் கணக்கு.