2009 வேகன் ஆர்: ஒழுகாத ரேடியேட்டர் ஹோஸை மாற்றத்தான் வேண்டுமா?

நாமக்கல் வேகன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2009 மாடல் வேகன் ஆர், பெட்ரோல். அப்பா வாங்கியது. 71,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பாதி நாள் ஷெட்டிலேயே நிற்கும். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) போகிற ரப்பர் ஹோஸ் எதையும் எனக்குத் தெரிந்து மாற்றியதில்லை. ஆடி 18-க்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். மெக்கானிக் மேல் ஹோஸை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "ஒழுகலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். கூலன்ட்டும் குறையவில்லை. மாற்றினால் வீண் செலவா?

ஓசூர் டிரைவ்:
என் வண்டிக்கு 13 வயது. எல்லாம் கம்பெனி ஹோஸ்தான், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஓடுகிற வண்டியை நோண்டாதீர்கள் ப்ரோ.

கவுன்டர்காரன்:
தம்பி, நான் மெக்கானிக் இல்லை. சேலத்தில் ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் 20 வருஷம் நின்றவன். விற்கிறவன் மாற்றத்தானே சொல்வான் என்று நினைக்க வேண்டாம், கடையை விட்டு வந்து 3 வருஷம் ஆகிறது.

கிழிந்த ஹோஸைக் கையில் எடுத்து வந்து "இதே மாதிரி கொடுங்க" என்பார்கள். ஆள் போனதும் பிளேடால் கீறிப் பார்ப்பது என் வழக்கம். வெளியே கறுப்பாக, பளபளவென்று இருக்கும். உள்ளே கிளிப் மாட்டுகிற முனைப் பக்கம் நீளவாக்கில் முடி முடியாக வெடிப்பு. நடுவில் கிழிந்து வந்தவை ரொம்பக் குறைவு. இன்ஜின் உலோகம், கூலன்ட், ரப்பரில் கலந்திருக்கும் கார்பன் மூன்றும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அதில் ரப்பர் உள்ளேயிருந்து அரிபடுகிறது. கூலன்ட் பழசாகப் பழசாக இது வேகமெடுக்கும். வண்டி ஓடினாலும் சரி, ஷெட்டில் நின்றாலும் சரி, நடந்துகொண்டேதான் இருக்கும். அதனால் 71,000 என்ற கணக்கை விடுங்கள், வயதைப் பாருங்கள். 4, 5 வருஷத்துக்கு மேல் வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். 10 தாண்டினால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடலாம் என்பது என் கட்சி.

உங்கள் மெக்கானிக் எங்கே அமுக்கினார்? நடுவிலா? காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, கிளிப்பை ஒட்டி இரண்டு அங்குலத்துக்குள் இரண்டே விரலால் கிள்ளிப் பாருங்கள். பிறகு நடுவில் கிள்ளுங்கள். முனை தொளதொளவென்று இருந்தால் கதை முடிந்தது. ஆயில் கசிந்து பட்ட இடம் உப்பியிருந்தாலும் அப்படித்தான்.

மேல் ஹோஸை எல்லோரும் பார்ப்பார்கள். கீழ் ஹோஸையும், ஹீட்டருக்குப் போகிற இரண்டு சின்ன ஹோஸையும் யாரும் சீண்ட மாட்டார்கள். என்னைக் கவிழ்த்தது அந்தச் சின்னதுதான். ஏற்காடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய், திடீரென்று கீழே இறங்கியது. மலைக்காற்று வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்! இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டர் ஹோஸ் கிழிந்து கூலன்ட் மொத்தமும் போயிருந்தது. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லையென்றால் அது எந்தச் சூட்டைக் காட்டும்? இன்னும் இரண்டு வளைவு ஓட்டினேன். ஹோஸ் 140 ரூபாய். சூட்டில் வளைந்த சிலிண்டர் ஹெட்டை (இன்ஜினின் மேல் பாகம்) இறக்கி, ஃபேஸிங் போட்டு (சமமாகச் சீவி) ஏற்ற 11,000 சொச்சம்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஆடி 18 அன்று வண்டி வரிசையில் முதல் கியரிலேயே ஊர்வீர்கள். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு எழுதியிருக்கும். அவ்வளவு அழுத்தத்தையும் அந்த ரப்பர்தான் தாங்க வேண்டும்.

நாமக்கல் வேகன்:
அண்ணா, இன்று காலை கிள்ளிப் பார்த்தேன். மேல் ஹோஸ் நடுவில் கெட்டியாக இருக்கிறது, இன்ஜின் பக்க முனை பழுத்த கொய்யா மாதிரி அமுங்குகிறது. கிளிப் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு வேறு. எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

கவுன்டர்காரன்:
அந்தப் பொருக்கு கசிந்து காய்ந்த கூலன்ட். ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பழைய ஹோஸைத் திருகி இழுக்க விடாதீர்கள். ஹோஸ் மாட்டுகிற ரேடியேட்டர் மூக்கு பிளாஸ்டிக், இந்த வயதில் பட்டென்று உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்கச் சொல்லுங்கள். புதுசு ஏற கிரீஸ் தடவுவார்கள், வேண்டாம். கொஞ்சம் கூலன்ட்டால் நனைத்தாலே வழுக்கிக்கொண்டு ஏறும். ஸ்க்ரூ கிளிப் என்றால் ரப்பர் பிதுங்கும்வரை முறுக்கக் கூடாது, கிளிப்பே ஹோஸை அறுத்துவிடும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரெடிமிக்ஸ் கூலன்ட், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்தது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். மறுநாள் காலை ஆறிய பிறகே மூடியைத் திறந்து அளவு பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

மாற்றிய கையோடு மலை ஏறாதீர்கள். திருச்சி வரை ஒரு தடவை போய் வாருங்கள்.

ஓசூர் டிரைவ்:
சும்மா இருக்காமல் நானும் கீழே குனிந்து கிள்ளினேன். கீழ் ஹோஸ் பார்ட் நம்பர் எங்கே எழுதியிருக்கும் சார்?

கவுன்டர்காரன்:
ஹோஸ் மேலேயே வெள்ளை எழுத்தில் இருக்கும். அழிந்திருந்தால் ஆர்.சி. புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.