எழுத்துப்பிழை பார்த்துத் தர ஒருவர் வேண்டும்

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், கொக்குவில். எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், இருக்கிறது. அம்மம்மாவின் சமையலைப் பற்றி இணையத்தில் எழுதி வருகிறேன்.

போன கிழமை ஒடியல் கூழ் பற்றி எழுதியதில் 'செய்யும் வழி' என்பது 'செய்யும் வளி' என்று போய்விட்டது. நாலு தரம் வாசித்தும் என் கண்ணில் படவில்லை. ஒருவர் கீழே வந்து, 'முதலில் தமிழ் படி' என்று எழுதினார். அன்று இரவு அந்தப் பதிவையே அழித்துவிட்டேன்.

வாணி என்ற இணையப் பிழைதிருத்தியில் போட்டுப் பார்க்கிறேன். 'பனங்கிளங்கு' என்றால் பிடிக்கும். ஆனால் 'வளி'யும் (காற்று) சரியான சொல்தானே, அதை விட்டுவிடும். நாங்கள் பேசும்போது ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிப்பதால் காதும் உதவாது. கொம்பு இன்னொரு சிக்கல்: 'கெ' என்பதில் ககரத்துக்குப் பிறகு கேட்கும் ஒலிக்கு அடையாளம் முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும். வேகமாக வாசிக்கையில் அவை எனக்கு இடம் மாறிவிடும்.

கிழமைக்கு ஒரு பதிவு, ஒரு பக்கம்தான் வரும். போடுவதற்கு முன் வாசித்து, பிழையான சொற்களை மட்டும் வாட்ஸப்பில் குரலாகச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? வசனத்தை மாற்ற வேண்டாம், அது அம்மம்மாவின் பேச்சு. அப்புறம், இதே சிரமம் உள்ளவர்கள் போனில் எந்த எழுத்துரு வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.