மகப்பேறு விடுப்பு: சமத்துவமா, சலுகையா?

நேர்வழியான்: சட்டத்துல சமத்துவமும் வேணும், மகப்பேறு விடுப்பும் வேணும்னா அதுக்குப் பேரு சலுகை. 1987 கலிபோர்னியா வழக்குல ‘நௌ’ங்கிற அமெரிக்கப் பெண்ணிய அமைப்பே அந்த விடுப்பை எதிர்த்துச்சு. தெரியுமா?

மதிவதனி: அரைகுறையாப் படிச்சிட்டு அளக்காதீங்க. அங்க ஒரு வங்கியில வேலை பார்த்த லில்லியன் கார்லண்ட் பிரசவம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பினப்ப அவங்க இடத்துல வேற ஆள். மாநிலச் சட்டம் தந்தது அதிகபட்சம் 4 மாசம், அதுவும் சம்பளமில்லாம. அதைக்கூடப் பொறுக்காம வழக்குப் போட்டது அந்த வங்கி. நௌ கேட்டது, உடம்பு முடியாத எல்லாருக்கும் அதே விடுப்பைக் கொடு, ஆண்களுக்கும் சேர்த்து. இதுல எதிர்ப்பு எங்க?

நேர்வழியான்: பெண்ணுக்கு மட்டும் தரக்கூடாதுன்னாங்களா இல்லையா? அப்ப எதிர்ப்புதான்.

பழைய வக்கீல்: 1974ஐ விட்டுட்டீங்களே. நோய்க்கால காப்பீட்டுல கர்ப்பத்தைச் சேர்க்காதது பாகுபாடே இல்லைன்னுச்சு அமெரிக்க உச்ச நீதிமன்றம். பிரிச்சது ஆண், பெண்ணுன்னு இல்லையாம். கர்ப்பிணிகள், கர்ப்பிணி அல்லாதவர்கள்னாம்! இந்த மாதிரித் தீர்ப்புகளாலதான் 1978ல வேலையிடப் பாகுபாட்டுச் சட்டத்தையே திருத்திக் கர்ப்பத்தையும் சேர்த்தாங்க.

நேர்வழியான்: வக்கீல் ஐயா, ஜீவனாம்ச விவாதத்துல பாதியில ஓடினது நீங்கதானே?

பழைய வக்கீல்: ஓடல தம்பி. கேட்டதையே கேட்டா எத்தனை தடவை பதில் சொல்றது?

மதிவதனி: பெண்ணுக்கு மட்டும்னு சட்டம் வந்தா அது பெண்ணுக்கே எதிராத் திரும்பும்னு நௌ பயந்ததுக்குக் காரணம் இருக்கு. 1908 முல்லர் வழக்குல, சலவைக்கூடப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல வேலை தரக்கூடாதுன்ன சட்டம் செல்லும்னாங்க. தாயாகப் போறவ, ஆணை நம்பி இருக்கிறவன்னு நியாயம் வேற. அந்தத் தீர்ப்பைக் காட்டியே 1924ல நியூயார்க் உணவகங்கள்ல பெண்களுக்கு இரவு வேலை கிடையாதுன்னதையும் சரின்னாங்க. பாதுகாக்கிறோம்னு சொல்லிச் சொல்லியே கூலியைப் பறிச்ச கதை. ஆனா கலிபோர்னியா வழக்குல பெட்டி ஃபிரீடன் மாதிரி வேற பெண்ணியர்கள் மாநிலச் சட்டத்துப் பக்கம் நின்னாங்க. குழந்தை பெத்துட்டு வந்தவளுக்கு வேலை இருக்கணும், ஆணுக்கு அந்தச் சிக்கலே இல்லையேன்னாங்க. ரெண்டு தரப்புமே பெண்ணியம்தான். கடைசியில உச்ச நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லும்னுச்சு.

நேர்வழியான்: இவ்வளவு எழுதியும் நௌ எதிர்க்கலைன்னு ஒரு வரி இல்ல பாருங்க.

மதிவதனி: விரிவாக்கச் சொன்னாங்க! விரிவாக்க! கண்ணாடி போட்டுட்டுப் படிங்க.

சும்மா ஒருத்தன்: ஆம்பளைக்கு விடுப்பு கேட்ட பெண்ணியவாதியை இப்பதான் கேள்விப்படறேன்.

மதிவதனி: 1975ல பிரசவத்துல மனைவியை இழந்த ஒரு அப்பாவுக்கு உதவித்தொகை வேணும்னு வாதாடி ஜெயிச்சது பெண்ணுரிமை வக்கீல் ரூத் பேடர் கின்ஸ்பர்க். கேள்விப்படாதது உங்க குறை.

நேர்வழியான்: பேச்சை மாத்தாதீங்க மேடம். நௌ எதிர்த்துச்சா, இல்லையா?

பழைய வக்கீல்: ஆரம்பிச்சிட்டாருய்யா.