கப்பல் இத்தாலில நேப்பிள்ஸ்ல ஒரு நாள் நிக்குது, பாம்பேய்க்கு (எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சுபோன பழைய ரோமன் ஊரு) நாங்களே போயிடலாமா?

காலைல 8க்கு வருது, சாயங்காலம் 6க்கு கிளம்புது. நாங்க ரெண்டு பேர், 11 வயசு பொண்ணு, 3 வயசு பையன். கப்பல் டூர் விலைய கேட்டாலே தலை சுத்துது. ரயில்ல போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பதில் 1
தாராளமா போகலாங்க. துறைமுகத்துக்கு எதிர்லயே முனிசிப்பியோ மெட்ரோ, அதுல கரிபால்டி ஸ்டேஷன் போனா அங்கயே சிர்கும்வெசுவியானாங்கிற உள்ளூர் ரயில், சொரெண்டோ போற வண்டில ஏறி பாம்பேய் ஸ்காவி ஸ்டேஷன்ல இறங்குங்க, முக்கால் மணி நேரம்கூட ஆகாது, வாசல் பக்கத்துலயே. 18 வயசுக்கு கீழ இலவசம், பாஸ்போர்ட் காட்டணும். ஒரு நாளைக்கு 20,000 பேர்தான்னு 2024 நவம்பர்லேர்ந்து கட்டுப்பாடு, அதனால முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க.

பதில் 2
ஸ்ட்ரோலர் மட்டும் வேணாம் சிஸ்டர்!! தெரு பூரா பெரிய பெரிய கருங்கல்லு, வண்டிச்சக்கரம் ஓடி ஓடி பள்ளமாவே இருக்கு, நாங்க கொண்டுபோயி கடைசில ஸ்ட்ரோலரையும் தூக்கி புள்ளையையும் தூக்கி... நிழலும் கம்மி. தண்ணி வாங்காதீங்க, உள்ளயே குழாய் இருக்கு, பாட்டில் போதும். ரயில்ல செம கூட்டம், பைய முன்னாடி மாட்டிக்கோங்க.

பதில் 3
நீங்களா போனா கப்பல் உங்களுக்காக நிக்காது. 2 மணிக்கே திரும்பிடுங்க, மிச்ச நேரத்துல ஊருக்குள்ள மார்கரிட்டா பீட்சா சாப்பிடலாம்.

கேட்டவர்
ரொம்ப நன்றிங்க, ஸ்ட்ரோலர் கேன்சல். பையன் அவங்கப்பா தோள்ல!