சைடு மிரர்: முழுப் பாகத்துக்கு ஒரு சொல், முகத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

பழைய கார்களின் பழுதுபார்ப்புக் கையேட்டில் ‘சைடு மிரர்’ வரும் இடமெல்லாம் ‘பக்கக் கண்ணாடி’ என்று போட்டால் குழப்பம்தான். கதவில் ஏறி இறங்குவதும் பக்கக் கண்ணாடியே. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ‘பக்கக் கண்ணாடி உடைந்தது’ என்றால் உடைந்தது உருவம் தெரியும் கண்ணாடியா, அதன் பின்னால் உள்ள தட்டா, வெளிக்கூடா, கதவோடு பிடிக்கும் காலா? கண்ணாடி மட்டும் போனால் கால் மணி நேர வேலை. கால் முறிந்தால் முழுப் பாகமும் மாற வேண்டும். ஆகவே இரண்டு சொல் தேவை. முழுப் பாகத்துக்குப் ‘பக்கக்காட்டி’, கண்ணாடிக்கு ‘ஆடித்தகடு’ என்று முன்மொழிகிறேன்.

----

> முழுப் பாகத்துக்குப் ‘பக்கக்காட்டி’

வேண்டாம் ஐயா. ‘காட்டி’யை இண்டிகேட்டருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூட்டிலேயே இண்டிகேட்டர் பதித்த வண்டிக்கு ‘பக்கக்காட்டியின் பக்கக்காட்டி’ என்று எழுத நேரும். ‘ஆடி’ நல்ல சொல். சமதள ஆடி, குவியாடி, குழியாடி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. கதவின் தோளில் நிற்பதால் ‘தோளாடி’ எனலாம். ‘காதாடி’யையும் நினைத்துப் பார்த்தேன், பாதிப் பேர் காத்தாடி என்றே படிப்பார்கள்.

‘தகடு’ என்றால் உலோகம் என்று தோன்றும். ‘ஆடிமுகம்’ என்று வைத்துக்கொள்ளலாமே?

----

தோளாடி, ஆடிமுகம் இரண்டும் வேலைக்கு ஆகுமா என்று செய்முறையிலேயே போட்டுப் பார்க்கிறேன்.

ஆடிமுகத்தை மட்டும் மாற்ற: கையுறையும் கண்காப்பும் கட்டாயம். விரிசலின் மேல் அகலமான ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால் துண்டுகள் சிதறாது. காரை ஒட்டிய ஓரத்தை உள்ளே அழுத்தினால் எதிர் ஓரம் வெளியே தூக்கும். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் நெம்பியை விட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இரும்பு ஸ்குரூடிரைவர் கூட்டின் விளிம்பைத் தின்றுவிடும். பழைய பிளாஸ்டிக் குளிரில் எளிதில் முறியும் என்பதால் முடி உலர்த்தியால் ஓரிரு நிமிடம் சூடு காட்டுவது நல்லது.

சில பழைய வண்டிகளில் கொக்கி கிடையாது. கூட்டின் அடியில் சிறு துளை இருக்கும். அதன் வழியே உள்ளே இருக்கும் பல்வைத்த பூட்டுவளையத்தைத் தள்ளித் திருப்ப வேண்டும். துளையைத் தேடாமல் நெம்பினால் ஆடிமுகத்தைத் திருப்பும் மோட்டாரின் தலையும் சேர்ந்தே வரும்.

சூடேற்றி உள்ள ஆடிமுகத்தின் முதுகில் இரண்டு கம்பிமுனைகள் இருக்கும். கம்பியைப் பிடித்து இழுத்தால் செம்புப் பட்டை பிய்ந்துவிடும். முனையைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். புதியதைப் பொருத்தும்போது மடித்த துணியை வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்தவும், ‘டிக்’ என்று கேட்கும்வரை. ஓரத்தில் அழுத்தினால் புதியதும் விரிசல் விடும்.

அசல் ஆடிமுகம் கிடைக்காத வண்டிக்கு அளவு வெட்டிய கண்ணாடியை ஒட்டுவார்கள். உடைந்ததின் மேலேயே ஒட்டுவது சோம்பேறித்தனம்: கனம் கூடி, மோட்டார் திருப்பும்போது விளிம்பு கூட்டில் உரசும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பின்னால் உள்ள தாங்குதட்டின் மேல் ஒட்ட வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிகோன் கூடாது. அந்த அமிலம் ரசப் பூச்சை அரித்து, நாளடைவில் கறுப்புத் திட்டுகள் வரும். அமிலமற்ற சிலிகோன்தான் சரி.

தோளாடியையே மாற்றுவதானால், கதவின் உட்புறம் உள்ள முக்கோண மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் 3 நட்டுகள் தெரியும். அவிழ்க்கும் முன் கதவின் துளைகளில் துணி அடைக்கவும். நட்டு உள்ளே விழுந்தால் கதவின் உள்பலகை முழுவதையும் கழற்ற வேண்டிவரும். கடைசி நட்டின்போது ஒரு கை வெளியே தோளாடியைத் தாங்கட்டும், இல்லையேல் அது கம்பியில் தொங்கி வண்ணப் பூச்சைக் கீறும். வாங்கும் முன் மின்கம்பி இணைப்பியின் முனைகளை எண்ணவும். திருப்பும் மோட்டார்கள் இரண்டுக்கும் சேர்த்து 3 கம்பி போதும், ஒன்று பொது. சூடேற்றி, மடக்கு மோட்டார், விளக்கு என்று சேரச் சேர எண்ணிக்கை ஏறும்.

சொற்கள் தாங்குகின்றன. ஆனால் ‘தோளாடிமுகம்’ என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

----

ஒரு திருத்தம். ஆடிமுகத்தின் வகையையும் குறிக்க வேண்டும். வேறு வகை ஆடிமுகமும் கூட்டுக்குள் அச்சாக உட்காரும், வளைவு மட்டும் வேறாக இருக்கும். அமெரிக்க விதியில் ஓட்டுநர் பக்கத்துக்குச் சமதள ஆடி. மறுபக்கத்தில் குவியாடி வைத்தால் அதன் வளைவு ஆரம் 889 முதல் 1651 மி.மீ.க்குள். கண் 80 செ.மீ. தள்ளி இருக்க, ஆரம் 1200 மி.மீ. என்றால், 20 மீட்டர் பின்னால் வரும் வண்டி சமதள ஆடியில் தெரியும் அளவில் பாதிகூடத் தெரியாது. கண் அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் வேறு வளைவுக்கு மாறினால் தடம் மாறும்போதுதான் வினை. எனவே ‘குவிமுகம்’, ‘சமமுகம்’. ‘குவி’ என்றதும் ஒளியைக் குவிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆடி விரிக்கத்தான் செய்யும். பெயர் அதன் புடைப்பைப் பற்றியது.

----

ஏற்கிறேன். விட்டுப்போனது ஒன்று: காலுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள பஞ்சு ரப்பர். அதை விட்டுவிட்டுப் பூட்டினால் வேகத்தில் காற்று விசிலடிக்கும், மழைநீர் உள்ளே இறங்கும். ‘அடிமெத்தை’ என்று பதிகிறேன்.

பட்டியலில் ‘ஓட்டுநர் பக்கத் தோளாடி’ என்று யாரும் எழுத வேண்டாம். ஓட்டுநர் எந்தப் பக்கம் அமர்வார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ‘தோளாடி, இடம்’, ‘தோளாடி, வலம்’. இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவரின் இடக்கைப் பக்கமே இடம். வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவரின் இடக்கை அல்ல.