வெள்ளம் வந்த ஆண்டும் முதியோர் உதவித்தொகையும்

தோட்டத்துப்பிள்ளை: "அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி, அதற்கு மேல் வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உதவித்தொகைக்காகக் கதை கட்டுகிறார்கள்" என்று கிராணிமகன் நேற்று எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஊத்தான் மெலிந்தாங்கில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) அக்கா ஒருவர் மருத்துவச்சி கையில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்ததால், ஏழு வயதுக்குப் பொருந்தும்படி 1968 என்று கிராணி (தோட்டத்து எழுத்தர்) சொல்ல, அதுவே பிறப்புச் சான்றிதழில் ஏறியது. ஆனால் 1967 ஜனவரி வெள்ளம் லயத்துப் படியேறியபோது தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை அவர்தான். அறுபது நிறைந்தும், அட்டையில் வயது குறைவாக இருப்பதால், அறுபது வயதானோருக்கு நலத்துறை தரும் 600 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகைக்கு அவரால் மனுச் செய்ய முடியவில்லை.

கிராணிமகன்: கிராணிகளைப் பழிக்காவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது போலும். அந்த வெள்ளம் 1971 ஜனவரியில் வந்தது. அப்போது அவருக்கு மூன்று வயது என்றால் அட்டை சரியாகத்தான் இருக்கிறது.

தோட்டத்துப்பிள்ளை: 1971இல் மூழ்கியது கோலாலம்பூர், ஐயா. பேராக் ஆறு பெருகித் தெலுக் இந்தானை (அன்று அது தெலுக் ஆன்சன்) மூழ்கடித்தது 1967இல்.

கிராணிமகன்: 1971இல் எங்கள் வீட்டு அரிசி மூட்டை நனைந்ததை நான் கண்ணால் கண்டவன். புத்தகம் படித்துவிட்டு எனக்கு வெள்ளம் சொல்லித்தர வேண்டாம்.

ஆற்றங்கரையான்: இருவரும் சற்று நிறுத்துங்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் முதியவர்களுக்கு எண்பது வயதானாலும் இந்தத் தொகை கிடையாது. குடியுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

தோட்டத்துப்பிள்ளை: அது வேறு விஷயம். உங்கள் வீட்டு அரிசி நனைந்தது கூரை ஒழுகியதால் இருக்கலாம். கிராணி வீட்டுக் கூரையை நிர்வாகம் மாற்றித்தரவில்லையா என்ன?

கிராணிமகன்: கோவில் கமிட்டிக் கணக்கைக் கேட்டதிலிருந்தே உங்களுக்கு என்மேல் வன்மம். அட்டையில் பிழை என்றால் பதிவுத் துறையில் திருத்தட்டும். வெள்ளத்தைச் சாட்சிக்கு அழைப்பானேன்?

தோட்டத்துப்பிள்ளை: திருத்தப் போனால் பழைய பள்ளிப் பதிவேட்டைக் கேட்கிறார்கள், அதிலும் உங்கள் அப்பா சொன்ன தேதிதானே இருக்கிறது? பிறந்த தேதி மாறினால் அட்டை எண்ணும் மாறும். பிறகு சேமநிதிக் கணக்கு வரை ஒவ்வொன்றாக மாற்ற அவரை யார் அழைத்துக்கொண்டு அலைவது? பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் இல்லை, தோட்டமும் கைமாறிவிட்டது. மிஞ்சியிருக்கும் சாட்சி 1967 வெள்ளம் மட்டுமே.

கிராணிமகன்: 1971.